டப்பா மாறாத குடும்பம்

சுண்டங்குறிச்சியில் ஆவுடையப்பன், கொம்பையா, பூதத்தான் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். சிக்கனம் தெரியாதவர்கள் என்று அவர்களை யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது. மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்தே போண்டியானவர்கள் அவர்கள்.

நம்பாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒருநாள் அவர்களுடைய அம்மா உலகம்மாள், மூன்று பேரையும் விளக்குமாறு வாங்கிவரச் சந்தைக்கு அனுப்பினாள். கடைக்காரர், "ஒண்ணு வாங்குனா முப்பது ரூவா. பத்தா வாங்குனா ஒண்ணு இருபதுதான்" என்றார். பத்து வாங்கினால் நூறு ரூபாய் மிச்சம் என்று கொம்பையா கணக்குப் போட்டான். அப்படியென்றால் இருபது வாங்கினால் இருநூறு மிச்சம் என்று பூதத்தான் கண்டுபிடித்தான். இவ்வளவு மிச்சம் வரும்போது நிறுத்துவது குடும்பத்துக்குச் செய்கிற துரோகம் என்று மூத்தவன் ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னான். கையிலிருந்த காசு முழுவதற்கும் விளக்குமாறு வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு, எவ்வளவு மிச்சம் என்று பெருமையாக அம்மாவிடம் சொன்னார்கள்.

உலகம்மாள் ஒரு புது விளக்குமாறு தேய்கிறவரைக்கும் மூன்று பேரையும் அடித்தாள். மற்றவற்றை அடுத்தடுத்த மிச்சங்களுக்கென்று பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தனியாக விட்டுவிட்டு அவள் ஒரு மாதம் மதுரைக்குப் போகவேண்டி வந்தது. அங்கே மகளுக்கு இரண்டாவது பிரசவம். புறப்படும் அன்று அடுப்படியில் நான்கு டப்பாக்களை வரிசையாக வைத்தாள். கடை வாடகையாக வந்த பணத்தைப் பிரித்து ஒவ்வொன்றிலும் போட்டாள். மூன்று பேரையும் எதிரே உட்கார வைத்தாள்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்கல. இது சாப்பாட்டு டப்பா. இது வைத்திய டப்பா, காய்ச்சல் தலைவலின்னா எடுக்கணும். இது விருந்து டப்பா, வீடு தேடி யாரும் வந்தா எடுக்கணும். இது துஷ்டி டப்பா, ஊருல யாரும் தவறிட்டா மாலை கீலை வாங்குததுக்கு. என்ன ஆனாலும் சரி, ஒரு டப்பாத் துட்டை இன்னொரு டப்பாச் செலவுக்குத் தொடக் கூடாது."

"தொட்டா என்னம்மா ஆகும்?" என்று கடைக்குட்டி பூதத்தான் கேட்டான்.

"பெரியவனுக்குக் கல்யாணம் ஆகாது" என்றாள் அம்மா. "மாசக் கடைசியில தளவாய் மாமா வீடு பாக்க வாராரு. நீங்க குடும்பம் நடத்துத லெச்சணத்தைப் பாத்துட்டுத்தான் பொண்ணைக் குடுப்பாரு. காசு விசயத்துல அவரு ரொம்பக் கறார்."

ஆவுடையப்பனுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பார்த்த பெண் வீடெல்லாம் கையை விரித்துவிட்டது. தளவாய் மாமாவின் மகள் செண்பகவடிவை அவன் ஒரே ஒரு தடவை கோயில் கொடைத் திருவிழாவில் பார்த்திருக்கிறான். அவள் சிரித்தாள். அவனுக்குப் பின்னால் ஒரு ஆட்டுக்குட்டி யாருடைய வேட்டியையோ மென்றுகொண்டிருந்தது. அவள் தன்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்பது இன்றுவரை ஆவுடையப்பனின் நம்பிக்கை. அதை நாம் ஏன் கெடுப்பானேன்?

"உசுரே போனாலும் டப்பா மாறாதும்மா" என்று சத்தியம் செய்தான். அம்மா நிம்மதியாக பஸ் ஏறினாள், பாவம்.

அவள் போன மறுநாளே மூன்று பேரும் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாதச் சாமான் வாங்கக் கிளம்பினார்கள். வாசலில் இறங்கினால் தெருவில் ஒரு உப்பு வண்டி வந்துகொண்டிருந்தது.

"முதல்ல எதை வாங்கணும்?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. உப்புதான் முதல்ல" என்றான் கொம்பையா. மூன்று பேரில் இவன்தான் அறிவாளி. அந்த வீட்டுக்கு வந்த கஷ்டமெல்லாம் இவன் அறிவு வழியாக வந்ததுதான்.

"எவ்வளவு வாங்கலாம்?"

"யோசிச்சுச் சொல்லுதேன். அரிசி வாங்குனா வண்டு விழும். பருப்பு வாங்குனா புழு வைக்கும். கத்தரிக்கா ரெண்டு நாள்ல சொத்தையாப் போவும். உப்பு?"

"உப்பு கெடாது" என்றான் பூதத்தான்.

"கெடாதுல்லா? அப்போ கெட்டுப் போற பொருள்ல துட்டைப் போடுதது வீண்செலவு. கெடாத பொருள்ல போட்டாத்தான் அது நிக்கும்."

ஆவுடையப்பன் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சாப்பாட்டு டப்பாவிலிருந்த காசு மொத்தமும் உப்பாக மாறி நடுவீட்டில் மலைபோல் நின்றது. உப்பு வண்டிக்காரர் போகும்போது வீட்டை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இனி இந்த மாதம் எது கெட்டாலும் நம் சாப்பாடு கெடாது என்று மூன்று பேரும் உப்பு மலையைச் சுற்றி உட்கார்ந்து சந்தோஷப்பட்டார்கள்.

வீட்டில் பழைய அரிசி கொஞ்சம் இருந்தது. அது இருந்தவரைக்கும் உப்புக்குக் குறைவில்லாமல் சாப்பிட்டார்கள். அரிசி தீர்ந்தது. பசி வந்தது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். இவர்களிடம் பறப்பதற்கு அவ்வளவு எண்ணிக்கை இல்லை.

"விருந்து டப்பாவுல கொஞ்சம் எடுப்போமா?" என்று பூதத்தான் மெதுவாகக் கேட்டான். வீட்டில் அவன்தான் பெரிய வயிற்றுக்காரன்.

"என் கல்யாணத்துல மண்ணை அள்ளிப் போடப் பாக்கியால?" என்று ஆவுடையப்பன் பாய்ந்தான். பசியிலும் அவன் கண்ணுக்கு செண்பகவடிவுதான் தெரிந்தாள்.

கொம்பையா கையை உயர்த்தினான். "சண்டை போடாதீங்க. நமக்கு இப்ப என்ன பண்ணுது? வயிறு எரியுது. கண்ணு இருட்டுது. கை காலு நடுங்குது. இது சாப்பாட்டு விசயமா, வைத்திய விசயமா?"

வைத்திய விஷயம்தான் என்று ஒருமனதாக முடிவாயிற்று. வைத்திய டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஊர் வைத்தியரிடம் போனார்கள்.

"என்ன பண்ணுது?" என்றார் வைத்தியர்.

"பசிக்கு, வைத்தியரே."

"எத்தனை நாளா?"

"பிறந்ததுல இருந்தே உண்டு" என்றான் பூதத்தான். "முந்தாநாத்துல இருந்து கொஞ்சம் கூடுதலா இருக்கு."

"சாப்பிட்டாச் சரியாப் போவும். எந்திரிச்சுப் போங்க."

"சாப்பாடு வேற டப்பா" என்றான் கொம்பையா.

வைத்தியருக்கு அந்தக் குடும்பத்தை நெடுநாளாகத் தெரியும். புரிந்துகொள்ள முயற்சி செய்தால் தனக்கு வைத்தியம் பார்க்க ஆள் இல்லை என்பதும் தெரியும். "எங்கிட்ட சாப்பிடுத மாதிரி இருக்குதது லேகியம் ஒண்ணுதான்" என்றார். மூன்று பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. இருந்த காசு முழுவதற்கும் லேகியம் வாங்கி ஒரு குடத்தில் சுமந்து வந்தார்கள்.

நெல்லிக்காய் அளவு சாப்பிடச் சொல்லியிருந்தார். இலை போட்டு, கரண்டியால் பரிமாறி, தொட்டுக்கொள்ள உப்பு வைத்துச் சாப்பிட்டார்கள். முதல் பந்தியில் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் பூதத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, முன்னைவிடக் கூடப் பசிக்கு" என்றான். மற்ற இருவருக்கும் அப்படியே. உடனே இன்னொரு பந்தி சாப்பிட்டார்கள். இன்னும் பசித்தது.

அது மந்தம் நீக்கிப் பசியைக் கிளப்புகிற லேகியம். அதை அவர்களிடம் வைத்தியர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது?

குடம் காலியானபோது மூன்று பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொம்பையா மட்டும் தெளிவாக இருந்தான். "விருந்தும் மருந்தும் மூணு நாள்ம்பாங்க. மருந்து முடிஞ்சுட்டு. இனி விருந்துதான் பாக்கி."

"விருந்தாளி வரலியேல" என்றான் ஆவுடையப்பன்.

"வரணும்னு உக்காந்திருந்தா எப்படி வருவாங்க? நாமதான் வரணும்."

பூதத்தானுக்குப் பசியில் சீக்கிரம் புரிந்தது. ஒரு பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினான். பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி நடந்து வந்து, சொந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"வாங்க, வாங்க!" என்று அண்ணன்கள் இருவரும் எதிர்கொண்டார்கள். "எந்த ஊருல இருந்து வாரீங்க? பயணமெல்லாம் சௌரியமா?"

"கூட்டந்தான். நின்னுக்கிட்டேதான் வந்தேன்" என்றான் பூதத்தான். "வீட்டுல அம்மா சௌக்கியமா?"

"மதுரைக்குப் போயிருக்கா. இருங்க, சாப்பிட்டுட்டுத்தான் போவணும்."

"வேண்டாங்க, வயிறு நிறைஞ்சிருக்கு" என்று விருந்தாளி முறைப்படி மறுத்தான். வற்புறுத்தாமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்து உடனே இலை முன்னால் உட்கார்ந்தும் விட்டான். விருந்து டப்பா திறந்தது. சாம்பார், அவியல், வடை, பாயாசம் எல்லாம் வந்தது. அண்ணன்கள் எச்சில் விழுங்கிக்கொண்டே பரிமாறினார்கள். வீட்டுக்காரர்கள் சாப்பிட்டால் அது சாப்பாட்டு டப்பாச் செலவாகிவிடுமே!

விருந்தாளி ஏப்பம் விட்டதும் ஆவுடையப்பனுக்குப் பொறுக்கவில்லை. "இந்தத் தடவை மூணு பேருமே வருவோம்" என்றான். மூன்று பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய், குடும்பத்தோடு விருந்துக்கு வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். கதவு திறக்கவில்லை. மறுபடியும் தட்டினார்கள்.

"ஆளே இல்ல போலிருக்கு" என்றான் பூதத்தான்.

"நாம வாரோம்னு தெரிஞ்சே பூட்டிட்டுப் போயிருக்காங்க. மனுசனை மதிக்கத் தெரியாத குடும்பம்!" என்றான் கொம்பையா. "இனி செத்தாலும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

கோபத்தோடு திரும்பிப் போய் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். ஆவுடையப்பனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. வந்த விருந்தாளியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டோமே, இது தளவாய் மாமா காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று கலங்கினான். ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்து, திரும்ப ஓடிவந்து தம்பிகளின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். அவர்களும் பெரிய மனசு பண்ணி வந்தார்கள். அதிலிருந்து ஒருவர் வீட்டுக்காரர், இருவர் விருந்தாளி என்று முறை வைத்துக்கொண்டார்கள். வீடு கலகலவென்று இருந்தது. சொந்த பந்தம் போக்குவரத்தாக இருந்தால்தான் வீடு வீடாக இருக்கும் என்று பூதத்தான் பாயாசத்தை வழித்துக்கொண்டே சொன்னான்.

இப்படியே விருந்து டப்பாவின் அடி தெரிந்த அன்று தளவாய் மாமாவிடமிருந்து போன் வந்தது. நாளைக் காலை வருகிறார். செலவு வேண்டாம் என்று இன்று முழுக்கச் சாப்பிடாமல் வருகிறார். இங்கே வந்துதான் சாப்பாடு.

போனை வைத்துவிட்டு ஆவுடையப்பன் டப்பாக்களைத் திறந்தான். சாப்பாட்டு டப்பா காலி. வைத்திய டப்பா காலி. விருந்து டப்பாவில் ஒரு எறும்பு இருந்தது. துஷ்டி டப்பா மட்டும் அம்மா வைத்தபடியே நிறைந்திருந்தது. அந்த மாதம் பார்த்து சுண்டங்குறிச்சியில் ஒருவரும் சாகவில்லை. நன்றி கெட்ட ஊர். கொம்பையாவும் நாள் தவறாமல் ஊர்க் கிழவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டுதான் இருந்தான். எல்லாரும் நன்றாக இருப்பதாகச் சொல்லி அவனை ஏமாற்றினார்கள்.

"என் கல்யாணம் போச்சு!" என்று ஆவுடையப்பன் உப்பு மலையின்மேல் விழுந்து அழுதான். "வார மனுசனுக்கு ஒரு வாய் காப்பி குடுக்க வழியில்ல. வடிவை இன்னொருத்தன் கட்டிக்கிட்டுப் போவப் போறான்."

"துஷ்டி டப்பாவைத் திறந்தா என்ன?" என்றான் பூதத்தான்.

"சத்தியம் பண்ணியிருக்கேன்ல!"

கொம்பையா உப்பு மலையை மூன்று சுற்றுச் சுற்றினான். பிறகு நின்றான். "அண்ணே, அம்மா என்ன சொன்னா? துட்டு டப்பா மாறக் கூடாதுன்னா. ஆளு டப்பா மாறக் கூடாதுன்னு சொன்னாளா?"

"சொல்லல."

"மாமாவை விருந்து டப்பாவுல வச்சாத்தானே துட்டு இல்ல? அவரைத் தூக்கித் துஷ்டி டப்பாவுல வச்சிருவோம். என்னென்ன செய்யலாம் பாரு. பந்தல் போடலாம். மேளம் வைக்கலாம். ரோஜாப்பூ மாலையே வாங்கலாம். கல்யாண வீட்டுல இதைத்தானே செய்யுதாங்க?"

"சங்கும் ஊதலாம்" என்றான் பூதத்தான்.

"ஊதலாமே. வரவேற்பு இன்னும் பிரமாதமா இருக்கும்."

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மறுநாள் விடிந்ததும் வாசலில் தென்னை ஓலைப் பந்தல் நின்றது. மேளக்காரர்களும் சங்கு ஊதுகிறவரும் வந்துவிட்டார்கள். துஷ்டி டப்பா கடைசிப் பைசா வரைக்கும் நேர்மையாகச் செலவானது.

தளவாய் மாமா தெருமுனையில் திரும்பினார். செருப்பு தேயும் என்று கையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர் அவர். அவரைக் கண்டதும் சங்கு முழங்கியது. மேளம் அதிர்ந்தது. சங்குச் சத்தம் கேட்ட தெருக்காரர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். அண்ணன் தம்பி மூவரும் பந்தல் வாசலில் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மாமா பதறிப்போய்த் துஷ்டி கேட்கிற முறையில் ஒவ்வொரு கையாகத் தொட்டார்.

"அடப்பாவிகளா, யாருல தவறினது?"

"நீங்கதான் மாமா" என்று ஆவுடையப்பன் மாலையைப் போட்டு, அவரை நடுப்பந்தலில் நாற்காலியில் உட்கார வைத்தான்.

அதற்குள் எதிர்வீட்டு மாடத்தி அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். இரண்டு அடி பாடிய பிறகுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. செத்தவுக மூஞ்சியைக் கடைசியா ஒரு தரம் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"நான்தாம்மா அது" என்றார் மாமா.

மாடத்தி அக்கா அவரை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தாள். "ராசா மாதிரி இருக்காரே!" என்று மிச்சப் பாட்டையும் பாடி முடித்தாள்.

மாமா கோபத்தோடு எழுந்தார். "என்னல கூத்து இது? பொண்ணு குடுக்க வந்தவனுக்குத் துஷ்டிப் பந்தலா போடுதீங்க?" ஆவுடையப்பனுக்கு உயிரே நின்றுவிட்டது. கொம்பையா மட்டும் அசராமல் நான்கு டப்பாக்களையும் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தான். சத்தியத்தைச் சொன்னான். உப்பைக் காட்டினான். லேகியக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டினான். விருந்தாளி வந்து போன கதையையும் சொன்னான். "உங்களுக்காகக்கூட டப்பாவை மாத்தல மாமா. வேற வழியில்லாம உங்களைத்தான் மாத்திட்டோம்."

மாமா ஒவ்வொரு டப்பாவாக எடுத்துத் தட்டிப் பார்த்தார். அவர் உதடு துடித்தது. பிறகு ஆவுடையப்பனை அப்படியே நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"மாப்ள! நான் இத்தனை வருசமா ஏன் சாகாம இருக்கேன் தெரியுமா? அந்தச் செலவுக்குப் பயந்துதான். பந்தல் எவ்வளவு, மேளம் எவ்வளவுன்னு நினைச்சா எனக்குத் தூக்கமே வராது. இன்னைக்கு என் கையில இருந்து ஒத்தப் பைசா போவாம எல்லாம் முடிஞ்சுட்டே! உங்க வீட்டுல குடுக்காம நான் பொண்ணை வேற எங்கல குடுப்பேன்?"

ஆவுடையப்பனுக்குக் காற்றில் மிதப்பது போல இருந்தது. துஷ்டி வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பது ஊர் வழக்கம். அதனால் தெருக்காரர்களே இட்லியும் சட்னியும் காப்பியும் அண்டா அண்டாவாகக் கொண்டுவந்தார்கள். மாமா முதல் பந்தியில் மாலையோடு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார். பூதத்தான் எல்லாப் பந்தியிலும் சாப்பிட்டான். இவ்வளவு நல்ல சாப்பாடு எந்த டப்பாவிலும் சேராது என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம்.

கை கழுவிவிட்டு மாமா வெற்றிலையை மடித்தார். "அப்போ வர தை மாசமே கல்யாணத்தை வச்சிருவோம்."

"அது எப்படி மாமா முடியும்?" என்றான் கொம்பையா.

எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொண்ணோட அப்பா இன்னைக்குத்தான் தவறியிருக்காரு. வருசம் கழியாம நல்ல காரியம் பண்ணலாமா? ஊரு சிரிக்காதா?"

மாமா வெற்றிலையைக் கீழே வைத்தார். கூடியிருந்த பெரியவர்களைப் பார்த்தார். அவர்களும், பையன் சொல்வது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள்.

ஆவுடையப்பனால் தாங்க முடியவில்லை. மாமாவின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு கதறினான். "மாமா, இன்னும் ஒரு ரெண்டு மாசம், தை பிறக்குத வரைக்கும் நீங்க உசுரோட இருந்திருக்கக் கூடாதா? எங்க கல்யாணத்தைக் கண்ணால பாத்துட்டுப் போயிருக்கலாமே!"

தளவாய் மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"என்ன செய்ய மாப்ள" என்றார் விம்மிக்கொண்டே. "எனக்குக் கொடுத்து வைக்கலியே!"